கையாற் செய்த ஒலிவாங்கியும் அதன் கோளாறுகளும்

ஒலியை மின்சாரமாக மாற்றித் தரும் கருவிகளுள் கண்டென்ஸர் ஒலிவாங்கி நுண்மையிற் சிறந்தது என்பது பௌதிகம் பயில்வோர் யாவரும் அறிந்ததே. ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடுவோர் முகத்தெதிரே தொங்குவது பெரும்பாலும் இவ்வினத்ததே. நல்ல கருவியின் விலையோ மாணாக்கர் கைக்கு எட்டுவதன்று. ஆதலின் நம்மவருட் கைத்திறம் வாய்ந்த சிலர், வேண்டும் உறுப்புக்களைத் தனித்தனியே விலைக்கு வாங்கித் தாமே அதனை அமைத்துக்கொள்ள முயல்கின்றனர். முயற்சி பாராட்டத் தக்கதே. ஆனால், அமைத்து முடித்த அன்றே அக்கருவி குற்றமின்றிப் பேசுதல் அரிது. ஒன்று வாய் திறவாது கிடக்கும். ஒன்று வண்டுபோல் இரையும். ஒன்று பொரிகடலை வறுபடுவதுபோல் வெடிக்கும். செய்தவர் ஓரிரு நாள் அதனோடு போராடிப் பார்த்து, பின்னர் ஓர் அட்டைப் பெட்டியிலிட்டுப் பரண்மேல் ஏற்றிவிடுவர். அங்ஙனம் பரணேறிய கருவிகளிற் பல, காசு பெறாத ஒரு சிறு குறையால் முடங்கியவை என்பதே நம் துணிபு.

இஃது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சன்று. நம் மாணாக்கருட் சிலர் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், முதிய பாட்டிமார் பாடும் தாலாட்டையும் நடவுப் பாட்டையும் ஒலிப்பதிவு செய்து வருகின்றனர். எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியின் குரல் மெலிந்தது. கருவியின் இரைச்சல் அதனினும் மிகுமாயின், பதிவில் எஞ்சுவது இரைச்சலே. மறுமுறை பதிவு செய்வோமெனின், அடுத்த விடுமுறைக்கு அக்குரல் இருக்குமென்று யார் உறுதி கூற வல்லார்? ஆகவே, கருவியைத் தூக்கிச் செல்லுமுன் அதன் கோளாற்றைக் கண்டு தீர்க்கும் நெறியை ஈண்டுச் சிறிது விரித்துரைப்பாம்.

கோளாற்றை ஆராயுமுன் கருவி தொழிற்படும் வகையை அறிதல் வேண்டும். இதனை முதன்முதல் ஆக்கியவர் அமெரிக்க நாட்டினரான இ. ஸி. வென்டே என்பவர். ஒலியின் வலிமையைத் துல்லியமாய் அளத்தற் பொருட்டுத் தாம் கண்ட இக்கருவியைப் பற்றி அவர் 1917-ம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1928-ல் பெர்லின் நகரத்து நாய்மன் கம்பெனியார் இவ்வினக் கருவிகளைச் செய்து விற்கத் தொடங்கினர். அன்று முதல் இன்று வரை அதன் அடிப்படை மாறவில்லை. துளைகள் பல இட்ட ஓர் உலோகப் பின்தகடு. அதன் முன்னே முறுக்காக இழுத்துக் கட்டிய ஒரு மெல்லிய சவ்வு. இரண்டிற்கும் நடுவே தலைமயிரின் தடிப்பிலும் குறைந்த காற்றிடைவெளி, அஃதாவது ஏறத்தாழ 40 மைக்ரான். சவ்வு பொன்பூச்சுப் பூசிய பிளாஸ்டிக் படலமாகும். பின்தகடும் சவ்வும் கூடி ஒரு மின்தேக்கியாகின்றன. இத்தொகுதியையே காப்ஸ்யூல் என்பர். அதன்மேல் 48 அல்லது 60 வோல்ட் அழுத்தத்தை ஒரு மிகப் பெரிய தடையின் வழியே ஏற்றி வைத்தால், உள்ளே புகுந்த மின்னேற்றம் விரைவில் வெளியேற வழியின்றி அடைபட்டு நிற்கும். ஒலி வந்து தாக்கச் சவ்வு அசைகின்றது, இடைவெளி மாறுகின்றது, ஏற்றம் மாறாதிருக்கத் தேக்குதிறன் மாறுவதால், வோல்ட்டளவு ஒலிக்கேற்ப ஏறியிறங்குகின்றது. முழுக் கருவியும் இவ்வளவே.

இதில் கருத்திற் கொள்ளற்பாலது ஒன்றுண்டு. காப்ஸ்யூலின் தேக்குதிறன் 50 முதல் 80 பிகோபாரட் வரையே. இத்துணைச் சிறிய பாத்திரத்தில் அடைத்த மின்னேற்றம் கசியாமல் நிற்க வேண்டுமாயின், சுற்றியுள்ள தடை 100 கோடி ஓம் அளவினதாதல் வேண்டும். அதனைத் தாங்கி நின்று, பின்வரும் கம்பிக்கேற்ற வலுவுடையதாக மாற்றித் தருவதற்கே காப்ஸ்யூலின் அருகில் எப்.இ.டி. என்னும் டிரான்ஸிஸ்டர் ஒன்றை வைக்கின்றனர். கையாற் செய்த கருவிகளின் பிணிகளிற் பெரும்பாலன இந்த நூறு கோடி ஓம் என்னும் ஒரே மூலத்தினின்றே பிறக்கின்றன.

இனி, கருவி முற்றும் ஊமையாயிருப்பின் முதலிற் செய்யத் தக்கது யாது? உறுப்புக்களை ஒவ்வொன்றாய்க் கழற்றி மாற்றத் தொடங்குதல் அன்று. அது இருட்டில் ஊசி தேடுவதாகும். மின்சாரம் எவ்வழி வருகின்றதோ அவ்வழியே நாமும் மல்டிமீட்டருடன் நடந்து செல்லல் வேண்டும். மிக்ஸரிலிருந்தோ ஆடியோ இன்டர்பேஸிலிருந்தோ பாண்டம் பவர் என்னும் 48 வோல்ட், எக்ஸ்.எல்.ஆர். இணைப்பின் 2-ம் 3-ம் முனைகளில், தலைக்கு 6,800 ஓம் தடையின் வழியே வருகின்றது. 1-ம் முனை தரை. ஒலிவாங்கியை மாட்டாமல் அளந்தால் இரு முனைகளிலும் 48 வோல்ட் காட்டும். மாட்டிய பின் அது குறைய வேண்டும். குறைந்த அளவை 6,800-ஆல் வகுத்தால் கருவி உண்ணும் மின்னோட்டம் விளங்கும். 41 வோல்ட் காட்டினால் ஒரு முனையில் ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் செல்கிறதென்று பொருள், அது நலமே. 48 வோல்ட் சிறிதும் குறையாவிடில் கருவி மின்சாரத்தை உண்ணவேயில்லை. எங்கோ கம்பி அறுந்தது. ஐந்து பத்து வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் எங்கோ குறுக்கிணைப்பு நேர்ந்தது. இரு முனைகளும் ஒவ்வாதிருப்பின், கருவியைக் குறை கூறுமுன் கேபிளை மாற்றிப் பார்க்க. கேபிளின் குற்றத்தைக் கருவியின்மேல் ஏற்றி, நல்ல உறுப்புக்களைப் பிடுங்கியெறிந்தவர் பலர்.

அடுத்து எப்.இ.டி. அதன் மூன்று கால்களான கேட், ஸோர்ஸ், டிரெயின் என்பன எல்லா வகையிலும் ஒரே வரிசையில் அமைந்தனவல்ல. சிலவற்றில் கேட் நடுவிலும் சிலவற்றில் ஓரத்திலும் இருக்கும். படத்தில் ஒரு வகையும் கடையில் வாங்கியது மற்றொரு வகையுமாயின் கால் மாறிப்போவது உறுதி. ஸோர்ஸுக்கும் தரைக்கும் இடையேயுள்ள தடையின் இரு முனைகளில் வோல்ட்டை அளந்தால், உள்ளே செல்லும் மின்னோட்டம் தெரியும். டிரெயினில் வரும் முழு வோல்ட்டும் அப்படியே நின்றால் எப்.இ.டி. தொழிற்படவில்லை. டிரெயினும் ஸோர்ஸும் ஒரே வோல்ட்டைக் காட்டினால் அது முற்றும் திறந்து கிடக்கின்றது. இரண்டாவது நிலைக்குக் காரணம் பெரும்பாலும் எப்.இ.டி. அன்று, காப்ஸ்யூலையும் கேட்டையும் இணைக்கும் சிறு மின்தேக்கி கசிந்து, காப்ஸ்யூலின் உயர்ந்த வோல்ட் கேட்டின்மேல் ஏறிவிட்டதே காரணம். அவ்விடத்தில் மலிவான செராமிக் மின்தேக்கியை இடாது பாலிஸ்டிரீன் போன்ற நல்ல படல வகையை இடுதல் நன்று. நிற்க, ஒரே பெயருடைய எப்.இ.டி.களும் குணத்தில் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஆதலின் பிறர் கருவியில் இட்ட தடையின் அளவை அப்படியே எடுத்தாளாமல், நம் கையிலுள்ளதற்கு ஏற்பத் திருத்தியமைத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் மல்டிமீட்டரே நம்மை ஏமாற்றும் வகையொன்றைக் கூறாது விடுதல் தகாது. காப்ஸ்யூலின் முனையில் 48 வோல்ட் நிற்கின்றதா என்று மீட்டரை வைத்துப் பார்ப்போர்க்கு, அரை வோல்ட்டுக்கும் சற்றுக் குறைந்த அளவே காணப்படும். கண்டவர் திடுக்கிட்டு, மின்சாரம் வரவில்லை என்று முடிவுகட்டுவர். உண்மை அதுவன்று. சாதாரண மீட்டரின் உள்தடை 1 கோடி ஓம். காப்ஸ்யூலுக்கு முன்னுள்ள தடையோ 100 கோடி ஓம். மீட்டரை வைத்த கணமே 48 வோல்ட் இவ்விரண்டிற்கும் பகிர்ந்தளிக்கப்பட்டு, மீட்டருக்குக் கிடைப்பது 101-ல் ஒரு பங்கேயாகும். வறண்ட குளத்தில் குடத்தை இறக்கினவன், தான் மொண்டதால் நீர் குறைந்ததை மறந்து குளத்தைப் பழித்தது போலாம் இது. அளக்க வேண்டுமாயின் பெருந்தடைக்கு முன்புறத்தில் அளக்க. அங்கே 48 இருந்தால் காப்ஸ்யூலுக்கு வரும் வழி பெரும்பாலும் சரியே. கேட் முனைக்கும் இவ்விதியே பொருந்தும்.

இனிக் கசிவைப் பற்றிக் கூறுவாம். இதுவே வீட்டிற் செய்த கருவிகளின் பெரும்பிணி. நூறு கோடி ஓம் தடையைப் பலகையிற் பற்றவைத்துவிட்டு, அதன்மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தால், விரலிலுள்ள வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அங்கே படிகின்றன. பற்றவைக்குங்கால் இட்ட பிளக்ஸ் என்னும் பசையும் ஆறி ஒட்டிக்கிடக்கும். காற்றில் ஈரம் ஏறியதும் அப்படலம் ஒரு மின்வழியாகிவிடுகின்றது. கண்ணுக்குத் தெரியாத அவ்வழியின் தடை சில கோடி ஓமாயினும், நூறு கோடிக்கு முன் அது பெருங்கசிவே. விளைவு யாதெனின், காப்ஸ்யூலின் மேலுள்ள வோல்ட் குறையும், குரல் மெலியும், தாழ்ந்த சுரங்கள் மறையும், அவ்வப்போது சடசடவென்னும் வெடிப்பும் கேட்கும். சித்திரையில் நன்றாய்ப் பேசிய கருவி ஐப்பசி அடைமழையில் வெடிக்கத் தொடங்கினால், வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. ஐஸோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தூரிகையால் பலகையை இருபுறமும் நன்கு கழுவி, புதிய ஆல்கஹாலால் மறுமுறையும் கழுவி, முற்றும் உலர்த்துக. அதன்பின் அப்பகுதியை விரலால் தீண்டற்க. காப்ஸ்யூலின் கம்பி, பெருந்தடை, கேட் ஆகிய மூன்றும் கூடுமிடத்தைப் பலகையிலேயே பதியாமல், டெப்லான் கால்மேலோ வெறுங் காற்றிலோ தொங்கவிட்டுப் பற்றவைப்பது அறிந்தோர் வழக்கம். காற்றினும் சிறந்த காப்புப் பொருள் கடையில் இல்லை, விலையும் இல்லை. கருவியைப் பயன்படுத்தாத காலத்தில் ஸிலிகா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைக்கலாம். வீட்டுப் பெரியோர் சொற்படி அரிசிப் பானையில் புதைத்து வைப்பாரும் உளர். ஈரத்தைவிட அரிசித் தவிடும் மாவும் சவ்வுக்குப் பெருந்தீங்கு செய்யும் என்பதை அவர்க்குப் பணிவுடன் கூறிவிடுக.

குரல் வெடிப்பின்றி, ஆனால் தகரம்போல் மெலிந்து ஒலிக்குமாயின், பெருந்தடையின் அளவையே ஐயுற வேண்டும். 60 பிகோபாரட் காப்ஸ்யூலோடு 100 கோடி ஓம் சேர்ந்தால், 3 ஹெர்ட்ஸுக்குங் கீழேதான் ஒலி தேயும்; செவி அதனை அறியாது. நூறு கோடி ஓம் கிடைக்காமையால் 1 கோடி ஓமை இட்டுவிட்டால், 265 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியெல்லாம் தேயத் தொடங்கும். ஆடவர் குரலின் அடித்தளமே போய்விடும். அதோடு இரைச்சலும் மிகும். இது பலருக்கு வியப்பாயிருக்கும். தடை பெரிதானால் வெப்ப இரைச்சலும் பெரிதாகும் என்பது 1928-ல் ஜான்ஸன், நைக்விஸ்ட் என்போர் காட்டிய விதியன்றோ என்று மாணாக்கர் வினவலாம். விதி மெய்யே. ஆயினும் அத்தடைக்குப் பக்கத்தில் காப்ஸ்யூல் என்னும் மின்தேக்கி நின்று, இரைச்சலின் உயர்ந்த பகுதிகளை விழுங்கிவிடுகின்றது. மொத்த இரைச்சல் மாறாது. தடை பெரிதாக ஆக, அவ்விரைச்சல் செவிக்குப் புலப்படாத தாழ்ந்த அதிர்வுகளுக்குள் ஒதுங்குகின்றது. ஆதலின் இவ்விடத்தில் மட்டும் பெருந்தடையே அமைதி தருவது.

ஓயாத இரைச்சல் காப்ஸ்யூலினின்று வருகின்றதா, மின்சுற்றினின்று வருகின்றதா என்று அறிய ஓர் அழகிய சோதனை உண்டு. காப்ஸ்யூலை மெல்லக் கழற்றிவிட்டு, அதனிடத்தில் 68 பிகோபாரட் அளவுள்ள நல்ல மின்தேக்கியொன்றை வைத்து, உலோக உறையை முன்போல் மூடுக. மின்தேக்கிக்குச் செவியில்லை, ஆயினும் சுற்றுக்கு அது காப்ஸ்யூலேயாம். இரைச்சல் அப்படியே இருப்பின் குற்றம் சுற்றில், நின்றுவிட்டால் காப்ஸ்யூலில். உறையை மூட மறந்தால் சோதனை பயன்படாது. வெளியிலிருந்து வரும் முரலொலி உள்ளே புகுந்து நம்மைக் குழப்பும். இந்த ஒரு சோதனையை முதலிற் செய்வோர் பல நாள் உழைப்பை மிச்சப்படுத்துவர். விலை மிகுந்த காப்ஸ்யூலை வீணே மாற்றாமற் காப்பதும் இதுவே.

குற்றம் காப்ஸ்யூலில்தான் என்று தெரிந்தால் மிக்க பொறுமை வேண்டும். சவ்வைக் கஞ்சிராத் தோலுக்கு ஒப்பிடலாம். மிகத் தளர்ந்தாலும் கேடு, மிக இறுகினாலும் கேடு. தளர்ந்த சவ்வின்மேல் வோல்ட் மிகுந்தால், பின்தகட்டின் மின்கவர்ச்சி அதனைத் தன்பால் இழுக்கும். எளிய கணக்கின்படி, சவ்வு இடைவெளியில் மூன்றிலொரு பங்கைக் கடந்துவிட்டால் அதன் இழுவிசை தோற்றுப்போய், அது பின்தகட்டின்மேல் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அப்பொழுது குரல் திடீரென மங்கி, கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோலாகும். மின்சாரத்தை நிறுத்திச் சிறிது நேரம் கழிந்தபின் மீண்டும் தெளிவாய்ப் பேசி, மறுபடி மங்குமாயின் இப்பிணியே என்று துணியலாம். காப்ஸ்யூலுக்குச் செல்லும் வோல்ட்டைக் குறைத்து இயக்குக. கவர்ச்சி வோல்ட்டின் வர்க்கத்தின்படி மாறுவதால், வோல்ட்டைச் சிறிது குறைத்தாலும் பெரும்பயன் உண்டு. ஒலிவலிமை சற்றுக் குறையும், அவ்வளவே. தாமே சவ்வு கட்டியவர் அதனை அவிழ்த்து மீண்டும் முறுக்கிக் கட்டலாம். சவ்வின்மேல் தூசி கண்டால் துணியால் துடைத்தலும் வாயால் ஊதுதலும் ஒருகாலும் ஆகா. ஊதும் மூச்சில் எச்சில் துளி உண்டு. துடைத்தால் பொற்பூச்சு உரியும். பாடுவோர்க்கும் கருவிக்கும் நடுவே மெல்லிய துணித்திரை கட்டி, முதலிலேயே எச்சிலைத் தடுப்பதே அறிவுடைமை.

காப்ஸ்யூலின் இருபுறத்துள் எது முன்புறம் என்பதையும் பார்த்துக்கொள்க. பின்புறத்தைப் பாடுவோர் பக்கம் திருப்பி அமைத்துவிட்டு, ஒலி தெளிவில்லை என்று வருந்துவோரும் உண்டு.

முரலொலியின் செய்தி வேறு. 50 ஹெர்ட்ஸ் அல்லது 100 ஹெர்ட்ஸ் அளவில் ஓயாது உறுமுவது வீட்டு மின்சாரத்தின் நிழல். நூறு கோடி ஓம் அமைந்த இடம் சுற்றிலுமுள்ள மின்புலத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே காப்ஸ்யூலும் சுற்றும் இடைவெளியின்றி உலோக உறைக்குள் இருத்தல் வேண்டும். அவ்வுறை 1-ம் முனையோடு இணைதல் வேண்டும். உறையைக் கையாற் பிடித்துப் பார்க்க. பிடித்தவுடன் உறுமல் குறையவோ மிகவோ செய்தால் உறை தரையோடு இணையவில்லை. அழகுக்காகப் பூசிய வர்ணமே பெரும்பாலும் இதற்குக் காரணம். கம்பிவலையும் குழாயும் தொடுமிடத்தில் வர்ணத்தைச் சுரண்டிவிட்டால் உறுமல் அடங்கும். பதிவு செய்யுங்கால் அருகிலுள்ள கைபேசி டர்ர் டர்ரென்று இடைப்புகுவதும் உண்டு. இணைப்பின் 2-ம் 3-ம் முனைகளிலிருந்து உறைக்குச் சிறு மின்தேக்கிகளை இட்டால் அது பெரிதும் தணியும். கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிடுதல் அதனினும் எளிது.

1962-ல் ஸெஸ்லர், வெஸ்ட் என்னும் இருவர் பெல் ஆராய்ச்சிச் சாலையில் கண்ட எலெக்ட்ரெட் வகை, மின்னேற்றத்தைத் தன்னுள்ளேயே நிலையாய்ப் பொதிந்து வைத்தது. கடையில் மலிவாய்க் கிடைக்கும் சிறு பொத்தான் போன்ற காப்ஸ்யூல்கள் இவ்வினத்தவை. இவற்றுட் பெரும்பாலனவற்றில் எப்.இ.டி. உள்ளேயே அடங்கியிருத்தலால் மேற்கூறிய கசிவுத் தொல்லை இல்லை. புதியவர் இதில் தொடங்குதல் நலம். முனை மாறாமல் இணைப்பதும் (உறையோடு ஒட்டிய முனை தரைக்குரியது), சில வோல்ட்டுக்கு மேல் ஏற்றாமல் காப்பதுமே இதில் முக்கியம். 48 வோல்ட்டை நேரே கொடுத்தால் இது மாண்டுபோம்.

வால்வு வைத்த பழைய முறைக் கருவிகளைச் செய்யத் துணிவோர்க்கு எச்சரிக்கை ஒன்று. பாண்டம் பவரில் இரு தடைகள் நின்று, மின்னோட்டம் 14 மில்லி ஆம்பியருக்குமேற் போகாமற் காக்கின்றன. வால்வுக்கு வேண்டும் 100 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரமோ வீட்டு 230 வோல்ட்டினின்று மின்மாற்றி வழியே வருவது. அதற்கு அத்தகைய காவல் இல்லை. சுவிட்சை அணைத்த பின்னும் பெரிய மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். தக்க தடையொன்றின் வழியே அதனை வடித்துவிட்டு, மீட்டரால் அளந்து பார்த்த பின்னரே உள்ளே கை வைக்கலாம். தனியே இருக்குங்கால் அதனைத் திறவாதிருத்தல் நலம். ஆசிரியர் ஒருவர் உடனிருக்க, பகற்பொழுதில், சோதனைச் சாலையில் செய்க.

எல்லாக் குறைகளையும் தீர்த்தபின், ஊர் அடங்கிய இரவில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, கருவியை மேசைமேல் வைத்து ஐந்து நிமிடம் வாளா பதிவு செய்க. பின்னர்க் காதில் ஹெட்போன் மாட்டி, ஒலியளவை உயர்த்திக் கேட்க. மெல்லிய மழை தூறுவதுபோன்ற ஒரே சீரான ஓசை எஞ்சுவது இயல்பே. எக்கருவியும் அதற்கு விலக்கன்று. அதனிடையே ஒரு வெடிப்போ உறுமலோ கேட்குமாயின் மேற்கூறிய சோதனைகளை மீண்டும் தொடங்குக. கேளாதாயின், இரண்டு முழத் தொலைவில் ஒருவரை அமரச்செய்து, தாழ்ந்த குரலிற் பேசச் சொல்லி அதையும் பதிவு செய்க. ஒவ்வொரு சொல்லும் அவ்வோசைக்கு மேலே தெளிவாய் எழுந்து நின்றால், அதனை ஸிலிகா ஜெல் டப்பாவிலிட்டுப் பாட்டியின் ஊருக்கு எடுத்துச் செல்லலாம்.